ஜிக் மேசையில் குலத்தொழிலுக்கு இடமில்லை

"தொழிலில் ஏது சாதி? வேலை தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான்." சிறுதொழில் முதலாளிகள் கூடுகிற எந்தக் கூட்டத்திலும் இந்த வசனத்தைக் கேட்கலாம். சொல்கிறவர் யாரென்று பார்த்தால், மாமனின் பட்டறையில் தொழில் கற்று, சித்தப்பாவின் ஜாமீனில் கடன் வாங்கி, சொந்தக்கார வியாபாரியிடம் 60 நாள் தவணையில் இரும்பு எடுக்கிறவராக இருப்பார். அவருக்குச் சாதி என்பது முதலீடு. வட்டியில்லாமல் கிடைத்த முதலீடு என்பதால் அது அவருடைய கணக்குப் புத்தகத்தில் ஏறுவதில்லை.

நான் அம்பத்தூர் பக்கம் ஒன்பது பேரோடு ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்துகிறேன். ஆங்கிள், ஸ்கொயர் டியூப், தகடு ஆகியவற்றை வெட்டி, பற்றவைத்து, தேய்த்து, மெஷின் ஃபிரேமும் டிராலியும் ரேக்கும் செய்து கொடுக்கிற வேலை. சேரியில் பிறந்து, ஐ.டி.ஐ. முடித்து, பதினான்கு ஆண்டுகள் பிறர் பட்டறைகளில் வெல்டராக இருந்துவிட்டுத் தொடங்கிய தொழில். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: நம் பட்டறைகளில் உற்பத்தி மேம்படாமல் கிடப்பதற்குப் பழைய மெஷினைவிடவும் மின்வெட்டைவிடவும் பெரிய காரணம் சாதி.

உற்பத்தி மேம்பாடு பற்றி வகுப்பெடுக்க வருகிறவர்கள் ஜப்பானிலிருந்து தொடங்குவார்கள். டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ சொன்ன ஏழு விரயங்களைத் திரையில் போடுவார்கள். தேவைக்கு மேல் செய்வது, காத்திருப்பது, பொருளைத் தூக்கிக்கொண்டு அலைவது, தேவையில்லாத வேலை செய்வது, சரக்கைக் குவிப்பது, வீண் அசைவு, குறையுள்ள பொருள். பின்னால் வந்தவர்கள் எட்டாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: பயன்படுத்தாமல் விடப்படும் மனிதத் திறன். இந்த எட்டாவதற்கு நம் நாட்டில் வேறு பெயர் உண்டு. அந்தப் பெயரை மட்டும் எந்தப் பயிற்சியாளரும் உச்சரித்து நான் கேட்டதில்லை.

டொயோட்டா ஆலையில் ஒரு கயிறு தொங்கும். குறையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் அதை இழுத்து மேலாளை அழைக்கலாம். அங்கேயே சரியாகவில்லை என்றால் முழு வரிசையும் நிற்கும். அந்த ஆலையின் முறைகளில் முக்கியமான ஒன்று இது. நம் பட்டறையில் அந்தக் கயிற்றைத் தொங்கவிட்டால் இழுக்கிற துணிச்சல் யாருக்கு வரும்?

பற்றவைப்பில் உள்ள குறை பெரும்பாலும் வெல்டருக்கு முன்னால் கிரைண்டிங் பிடிக்கிறவனுக்குத் தெரிந்துவிடும். மேடாக நிற்கும் வெல்டைத் தேய்த்ததும் உள்ளே இருக்கும் ஊசித்துளைகள் வெளியே வரும். ஓரம் உருகிச் சேராமல் மேலே மட்டும் படிந்திருக்கிற இடம் கோடாகத் தெரியும். ஆனால் தூசும் தீப்பொறியும் காதைக் கிழிக்கும் சத்தமும் உள்ள அந்த வேலைக்கு யாரை அனுப்புகிறார்கள்? நான் வேலை பார்த்த பட்டறைகளில் எங்கள் தெருப் பையன்களைத்தான் அனுப்பினார்கள். அங்கே வெல்டர் முதலாளியின் உறவுக்காரர். குடிக்கிற தண்ணீருக்குக்கூடத் தனி டம்ளர் வைத்திருந்த இடத்தில், அந்தப் பையன் போய் "அண்ணா, இந்த இடம் பிடிக்கல" என்று சொல்ல முடியுமா? சொன்னால் "நீ எனக்குச் சொல்லித் தரியா?" என்ற கேள்விதான் பதில். அவன் தேய்த்து மூடிவிடுவான். ஃபிரேம் வாடிக்கையாளரிடம் போய்த் திரும்பி வரும். பிறகு அதை வெட்டியெடுத்து மறுபடி பற்றவைக்க வயர், கேஸ், கரண்ட், கூலி எல்லாமே இரண்டு மடங்கு. முதலாளி இதற்கு 'ரீவொர்க்' என்று பெயர் வைத்துக் கணக்கெழுதுவார். அது சாதிக்குக் கட்டுகிற வரி.

சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்கவில்லை, வேலை செய்கிறவர்களையே ஒருவர் மேல் ஒருவராகப் பிரித்து அடுக்குகிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-இல் 'சாதியை அழித்தொழித்தல்' நூலில் நிறுவினார். ஃபிட்டர், வெல்டர், ஹெல்பர், கூட்டுகிறவர் என்ற பட்டறை வரிசையும் ஊர்த்தெரு வரிசையும் எங்கெல்லாம் ஒன்றாக இருக்கிறதோ, அங்கெல்லாம் கீழே இருப்பவனின் அறிவு மேலே போகாது.

எங்கள் பட்டறையில் முதலில் செய்த மாற்றம் ஜிக். பற்றவைத்த இடம் குளிரும்போது சுருங்கி டியூபை இழுக்கும், ஃபிரேம் கோணிக்கொள்ளும். அனுபவமுள்ள ஃபிட்டர் மூலைமட்டம் வைத்து, மூலைக்கு மூலை டேப் பிடித்து, தட்டி நிமிர்த்திச் சரிசெய்வார். 'கைப்பக்குவம்' என்று நாம் கொண்டாடுவது இதைத்தான். அதை அவர் தன் மகனுக்கோ மருமகனுக்கோ சொல்லித் தருவார், மற்றவர்களுக்குத் தரமாட்டார். ஜிக் என்பது கனமான தகட்டு மேசையில் அளவுக்குப் பொருத்திய ஸ்டாப்பர்களும் கிளாம்புகளும். டியூபை வைத்து இறுக்கி, முதலில் டேக் அடித்து, பிறகு எதிரெதிர் மூலையாகப் பற்றவைத்தால் கோணல் கட்டுக்குள் இருக்கும். ஒருவர் கைக்குள் இருந்த ரகசியம் மேசைக்கு வந்துவிடுகிறது. நேற்றுச் சேர்ந்த பெண்ணும் இன்று சரியான ஃபிரேம் கட்டலாம்.

அதோடு, எந்தத் தடிமனுக்கு எத்தனை ஆம்பியர், எந்த வயர் என்று தமிழில் எழுதிச் சுவரில் மாட்டினோம். கிரைண்டிங் பிடிக்கிறவர் கையில் சாக்பீஸ் கொடுத்தோம். அவர் வட்டம் போட்ட வெல்டை, யார் அடித்ததாக இருந்தாலும், திரும்ப அடிக்க வேண்டும். கூட்டுவது எல்லோருக்கும் முறைவைத்த வேலை, எனக்கும் சேர்த்து. திரும்பி வருகிற சரக்கு குறைந்ததற்கு இவைதான் காரணம். புது மெஷின் எதுவும் வாங்கவில்லை.

தோழர்கள் சிலர் கேட்கிறார்கள்: ஜிக் வந்தால் ஃபிட்டரின் மதிப்பு குறையும், கூலி குறையும், லாபம் முதலாளிக்குத்தானே? நியாயமான கேள்வி. ஒரு பட்டறையில் ஜிக் வந்த மறுமாதம் கூலி குறைந்தால் அது சுரண்டல்தான், ஜப்பானியப் பெயர் வைத்தாலும் சுரண்டல்தான். அதனால் இரண்டு நிபந்தனைகள் வேண்டும். மிச்சமான நேரத்தின் பலனில் தொழிலாளிக்குப் பங்கு வேண்டும். ஹெல்பர் எந்த மாதத்தில் வெல்டர் ஆவார் என்பது அவர் சேரும் நாளிலேயே எழுதப்பட வேண்டும். ஆனால் கைப்பக்குவத்தைக் காப்பாற்றுகிறோம் என்ற பெயரில் வாரிசுரிமையைக் காப்பாற்றக் கூடாது.

ஒன்றிய அரசு அதைத்தான் செய்கிறது. 2023 செப்டம்பரில் பி.எம். விஸ்வகர்மா திட்டம் வந்தது. 18 தொழில்கள், அதில் கொல்லுவேலையும் உண்டு, பூட்டு செய்வதும் உண்டு. குரு–சீடப் பரம்பரையைப் போற்றி, குடும்பத் தொழில் செய்கிறவருக்கு 5 சதவீத வட்டியில் கடன் என்கிறது. 18 வயதிலேயே சேரலாம். கல்லூரிக்குப் போக வேண்டிய வயதில் அப்பன் சுத்தியலைக் கையில் கொடுப்பதற்கு அரசு ஊக்கத்தொகை! 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வியை இந்த மண் ஓராண்டில் விரட்டியது. அதுவே எழுபது ஆண்டு கழித்துக் கடன் விண்ணப்பமாகத் திரும்பி வந்தது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்கச் சொல்லி, அதை அந்த வடிவில் ஏற்க முடியாது என்று தமிழ்நாடு அரசு மறுத்தது. 35 வயது நிரம்பிய எவரும், எக்குடும்பத்தவரும் சேரக்கூடிய கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. வரவேற்கிறேன். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குச் சுத்தியலோடு சேர்த்து டிராயிங் படிக்கவும், லேசர் கட்டிங் மெஷினுக்கு புரோகிராம் போடவும் வழி வேண்டும்.

மெஷின் வாங்க இன்று வழி இருக்கிறது. 2023-இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியம் கிடைக்கிறது. ஆனால் மானியத்தில் வாங்கிய மெஷினுக்கு ஆர்டர் யார் தருவது? ஒரு நிறுவனத்திலிருந்து வந்தவர் எங்கள் மாதிரி ஃபிரேமை அளந்து பார்த்துத் திருப்தி என்றார். பிறகு "சொந்த ஊர் எது, ஊரில் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். சொன்னேன். ஆர்டர் வரவில்லை. மில்லிமீட்டரில் தேறிய ஃபிரேம் தெருவில் தோற்றது.

ஒன்றியப் பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 4 சதவீதத்தைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டுக் கொள்கை. ஆண்டுக்கு ஆண்டு தவறிக்கொண்டே வந்த இலக்கு அது. தவறினால் தண்டனை இல்லை. தனியார் நிறுவனங்களுக்கோ அந்த இலக்கும் இல்லை. எனவே நம் கோரிக்கை எளிமையானது: 4 சதவீதத்தை எட்டாத அதிகாரி எழுத்தில் பதில் சொல்லட்டும். அரசுச் சலுகையில் நிலமும் மின்சாரமும் பெறும் தனியார் ஆலைகள், தங்கள் ஜாப் ஒர்க் யாருக்குப் போகிறது என்ற பட்டியலை வெளியிடட்டும்.

'தொழிலில் சாதி இல்லை' என்று சொல்கிறவர்கள் அந்தப் பட்டியலுக்குப் பயப்படத் தேவையில்லையே!