அனுமதி கேட்கும் வாசல்



பிறர் வீட்டில் ஸலாம் சொல்லி அனுமதி பெற்ற பின்பே நுழைய வேண்டும். சூரத்துந் நூரின் 27ஆவது வசனம் கற்றுத் தரும் ஒழுக்கம் இது. இன்று நம் வீடுகளுக்கு இன்னொரு வாசலும் உண்டு. ஹோலின் மூலையில் விளக்கு மின்னிக் கொண்டிருக்கும் ரவுட்டர்தான் அது.

அதனுள்ளே 'ஃபயர்வோல்' என்றொரு காவலாளி இருக்கின்றான். வீட்டிலிருந்து நாம் கேட்டவற்றுக்கான பதிலை மட்டுமே அவன் உள்ளே விடுவான். கேளாமல் வருவதைத் தடுத்து விடுவான்.

2018 மார்ச்சில் நம் நாட்டில் முகநூல், வட்ஸ்அப், வைபர் சில நாட்கள் முடக்கப்பட்டபோது 'வீ.பீ.என்.' என்ற சொல் பல வீடுகளுக்கு அறிமுகமாயிற்று. நம் செய்திகளைப் பூட்டி, தொலைவிலுள்ள ஒரு கணினி வரை கொண்டு செல்லும் மறைவான குழாய் அது. இப்போது பிள்ளைகள் அதை ரவுட்டரிலேயே அமைக்கின்றனர். அவ்வாறு அமைத்தால் வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் அக்குழாய் வழியே செல்லும்.

'வயர்கார்ட்' முறையில் இது கடினமன்று. சேவை தரும் நிறுவனத்தின் கோப்பில் நமது இரகசியச் சாவியும், மறுமுனையின் பகிரங்கச் சாவியும், அதன் முகவரியும் இருக்கும். இவற்றை ரவுட்டரில் பதிய வேண்டும். இரகசியச் சாவி அமானிதம். அதை எவருக்கும் அனுப்பி விடாதீர்கள்.

தவறு நேர்வது அடுத்த படியில்தான். இப்புதிய இணைப்பு 'லேன்' எனும் உள்வீட்டைச் சேர்ந்ததா, 'வேன்' எனும் தெருப்பக்கத்தைச் சேர்ந்ததா என்று ஃபயர்வோலுக்குச் சொல்ல வேண்டும். "காசு கொடுத்து வாங்கியதுதானே" என்று உள்வீட்டோடு சேர்த்து விட்டால், மறுமுனையில் இருப்பவர் ஸலாமும் சொல்லாமல் நம் கணினி வரை, கமரா வரை வந்து தட்டிப் பார்க்க வழி பிறந்து விடும். ஆகவே அதைத் தெருப்பக்கத்தைப் போன்ற தனிப் பகுதியில் வையுங்கள். உள்ளிருந்து வெளியே செல்ல அனுமதியுங்கள். வெளியிலிருந்து தானாக வருவதை மறுத்து விடுங்கள். உள்வீட்டிலிருந்து நேரே தெருவுக்குச் செல்லும் பழைய அனுமதியையும் நீக்கி விட்டால், குழாய் அறுந்தாலும் செய்திகள் அவ்வழியே வெளியேற மாட்டா.

இன்னொன்றையும் சிந்தியுங்கள். இதுவரை நாம் எந்தத் தளத்துக்குச் செல்கின்றோம் என்பதை இணைய நிறுவனம் அறிந்திருந்தது. இனி அதை அறியக் கூடியவர் குழாயின் மறுமுனைக்காரர். நாம் ஒளிந்து கொள்ளவில்லை. அமானிதத்தை வேறொரு கைக்கு மாற்றியிருக்கின்றோம். இலவசமாகத் தருபவர் எதைக் கொண்டு பிழைக்கின்றார் என்று கேட்டறியாமல் அதை ஒப்படைப்பது முறையா? எந்தக் குழாயும் அல்லாஹ்வின் பார்வையிலிருந்து மறைப்பதில்லை என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

ரவுட்டரின் நுட்பம் தாய்மாருக்குத் தெரியாதிருக்கலாம். ஆனால் வீட்டின் வாசல் உங்கள் பொறுப்பல்லவா? இன்றிரவு மகனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "மகன், இந்தப் புது வாசலை உள்ளுக்கா வைத்தீங்க, தெருப்பக்கமா வைத்தீங்க?"