எட்டு லட்சத்துக்குக் கிடைக்கும் நாற்பது லட்ச ரூபாய் கார்

செமஸ்டருக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் கார் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். என்ன செய்ய, மனசு கேட்கவில்லை. இந்த விஷயத்தில் எனக்கும் கொஞ்சம் பாவம் சேர்ந்திருக்கிறது.

எங்கள் ஊர் ஒலக்கூர். சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் வந்தால் திண்டிவனத்துக்குக் கொஞ்சம் முன்னால் வரும். கவனித்திருக்க மாட்டீர்கள், எல்லோரும் பறந்துதானே போகிறீர்கள். என் மாமா தர்பூசணி வியாபாரம் செய்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால் சீசன் நன்றாக அமைந்து கையில் எட்டு லட்சம் நின்றது. அந்தக் காசுக்குப் புதிதாக ஒரு நல்ல சின்னக் காரே வாங்கியிருக்கலாம். மாமாவின் கண் போனது பதினோரு வருடம் ஓடிய ஒரு ஜெர்மன் டீசல் காரின் மேல். புதிதில் நாற்பது லட்சத்தைத் தாண்டிய வண்டி. லெதர் சீட், சன்ரூஃப், கதவைச் சாத்தினால் "தொப்"பென்று ஒரு சத்தம். "மாப்ள, நீ படிச்ச பையன், சொல்லுடா, வாங்கலாமா?" என்று கேட்டார். நான் நெட்டில் இரண்டு வீடியோ பார்த்துவிட்டு, "சூப்பர் மாமா, வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டேன். அதுதான் நான் செய்த பாவம்.

முதல் பதினாலு மாதக் கணக்கு என் நோட்டில் இருக்கிறது. பேட்டரி 24,000. பின் டயர் இரண்டு 44,000. முன் சஸ்பென்ஷன் ஆர்ம், புஷ் எல்லாம் சேர்த்து 60,000. கியர் மாறும்போது உதைத்ததால் கியர்பாக்ஸ் ஆயில், ஃபில்டர் மாற்ற 42,000. கூட்டினால் ஒரு லட்சத்து எழுபதாயிரம். இதில் எதுவும் விபத்து இல்லை, வயசான காருக்கு வருகிற சாதாரணச் செலவுதான். இன்ஷூரன்ஸ், டீசல் எல்லாம் தனி.

இங்கேதான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். காரின் விலை நாற்பதிலிருந்து எட்டுக்கு இறங்கிவிட்டது, சரி. உதிரி பாகத்தின் விலை இறங்கியதா? இல்லையே! நாற்பது லட்ச ரூபாய் காருக்கு என்ன விலையோ, அதே விலைதான் இன்றும். எட்டு லட்சம் கொடுத்தவருக்கு அந்தக் கடையில் தள்ளுபடி கிடையாது.

"பி.எம்.டபிள்யூ இங்கேதானே செய்யறான், நம்ம ரோட்டுலேயே கம்பெனி இருக்கே" என்று ஒரு நண்பன் கேட்டான். உண்மைதான். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மகேந்திரா சிட்டியில் 2007-இல் அவர்கள் ஆலை திறந்தார்கள். ஆனால் அங்கே நடப்பது பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வரும் பாகங்களைக் கோத்துப் பூட்டுகிற வேலை. ஆலை நம் ஊர்ப் பக்கம் இருப்பதால் பம்ப் விலை குறையாது.

இந்தக் கார்களில் எது எது போகும் என்பது ஊரறிந்த விஷயம், தேடினால் கிடைக்கும். பி.எம்.டபிள்யூவின் 2007-க்குப் பிறகு வந்த என்47 என்ற இரண்டு லிட்டர் டீசல் எஞ்சினில் டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரமாக இருக்கிறது. செயின் தேய்ந்து சத்தம் வந்தால் கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்காமல் கை வைக்க முடியாது. கவனிக்காமல் ஓட்டி செயின் அறுந்தால் எஞ்சினே போச்சு. மெர்சிடிஸ் பழைய எஸ் கிளாஸ், இ கிளாஸ் சிலவற்றில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை. ரப்பர்தானே, வருடங்கள் போனால் வெடிப்பு விடும். ராத்திரி நிறுத்திய கார் காலையில் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும். ஓட்டையைக் கவனிக்காமல் ஓட்டினால் காற்று அடிக்கிற கம்ப்ரஸரும் ஓடி ஓடிச் சாகும். அதே கம்பெனி மின்சாரத்தில் இயங்கும் பிரேக் ஒன்றைப் போட்டு, 2004-லும் 2005-லும் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தது. புதுசாக இருக்கும்போதே இந்தக் கதை என்றால் பழசாகும்போது?

கியர்பாக்ஸ் ஆயில் "ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம்" என்பார்கள். யாருடைய ஆயுசு என்று சொல்ல மாட்டார்கள் :-) அந்தக் கியர்பாக்ஸைச் செய்கிற இசட்.எஃப். கம்பெனியே எண்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. பல கார்களில் ஸ்டெப்னியும் கிடையாது, பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடுகிற ரன்ஃபிளாட் டயர். ராத்திரி பதினொரு மணிக்குக் கூட்டுரோட்டில் பஞ்சர் கடைக்கார அண்ணன் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது நம்மால ஆகாது" என்று சொன்னார். பேட்டரி மாற்றினால்கூட சில மாடல்களில் கம்ப்யூட்டரை மாட்டிப் "புதுசு போட்டாச்சு" என்று காருக்குச் சொல்ல வேண்டும். அம்பாசிடர் ஓட்டிய தாத்தா இதைக் கேட்டுச் சிரித்தார்.

மாமா காரைக் கவிழ்த்தது ஒரு பிளாஸ்டிக் துண்டு. ரேடியேட்டர் தண்ணீர் போகிற குழாயின் முனை. சூட்டில் வெந்து வெந்து பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி ஆகிவிடும். அச்சிறுபாக்கம் தாண்டும்போது சிவப்பு விளக்கு எரிந்தது. "இன்னும் கொஞ்ச தூரம்தானே, வீட்டுக்குப் போயிடலாம்" என்று மாமா ஓட்டிவிட்டார். ஹெட் கேஸ்கட் போய், ஹெட்டும் வளைந்துவிட்டது. அந்தத் துண்டு மூவாயிரம் ரூபாய்கூட இருக்காது. மெக்கானிக் கேட்டது 2,40,000. தப்பு காரின் மேல் மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கார்களில் சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தணும், டோ வண்டிக்கு எவ்வளவு ஆனாலும் சரி.

வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு இன்னொன்று. வெள்ளத்தில் நின்ற காரா என்று பாருங்கள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2023 மிக்ஜாம், 2024-இல் நம் பக்கமே ஃபெஞ்சல் (மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது செ.மீ. அளவுக்குக் கொட்டியதே, மறந்திருக்காது). சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அடியில் சேறு கறை இருக்கும். சீட் தண்டவாளத்தில் துரு இருக்கும். டெல்லி வண்டி மலிவாக இருக்கிறதே என்று பாய வேண்டாம். அங்கே பத்து வருட டீசலுக்கு 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட தடையும் 2018-இல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்ததும்தான் அந்த மலிவுக்கு வழி வகுத்தன. இங்கே கொண்டுவந்தால் என்.ஓ.சி., ஆயுள் வரி என்று அலைய வேண்டும்.

எல்லாப் பழைய சொகுசுக் காரும் குப்பை என்று சொல்ல வரவில்லை. 1995-இல் புனேயில் செய்யத் தொடங்கிய அந்தப் பழைய மெர்சிடிஸ் டபிள்யூ124-ஐ இன்றும் ஆசையாக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் கம்ப்யூட்டர் குறைவு, இரும்பு அதிகம். வேறு ஒரு கார் வீட்டில் இருந்து, வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கை ரிப்பேருக்கென்று எடுத்து வைத்து, ஆசைக்காக ஓட்டுகிறவர் தாராளமாக வாங்கட்டும். குடும்பத்துக்கு இருக்கிற ஒரே காராக வாங்காதீர்கள்.

மாமா வீட்டில் அதுதான் ஒரே கார். இப்போது வேப்ப மரத்தடியில் தார்பாய் போர்த்தி நிற்கிறது. பாண்டிச்சேரியிலிருந்து ஒருவர் வந்து "இருக்கிறபடியே 2,75,000" என்று கேட்டுவிட்டுப் போனார். மாமாவுக்கு ரிப்பேர் செய்ய ஆசை, கையில் இருப்பது பாப்பா காலேஜ் ஃபீஸுக்கான பணம். அத்தை எதுவும் பேசுவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நானே போய், "மாமா, கொடுத்துடுங்க. அன்னைக்கு வாங்கச் சொன்னது நான்தான், தப்பு என்னுதுதான்" என்றேன். அவர் தார்பாயைத் தூக்கி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். அதே "தொப்"பென்ற சத்தம். "சத்தம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கு பாருடா மாப்ள" என்றார். பாண்டிச்சேரிக்காரர் நம்பர் என்னிடம்தான் இருக்கிறது. நாளைக்குப் பரீட்சை முடிந்ததும் போன் செய்யச் சொல்லியிருக்கிறார்.