அமெரிக்க ஜனநாயகத்தின் வயது என்ன?

அமெரிக்க அரசியல் என்று பேச்செடுத்தாலே நம்மிடையே இரண்டு கட்சி உருவாகிவிடுகிறது. முதல் கட்சி, "எல்லாக் கோளாறும் டிரம்ப் என்ற ஒரே ஆளால் வந்தது, அவர் போனால் சரியாகிவிடும்" என்கிறது. இரண்டாவது கட்சி, "அது 250 வருடத்து ஜனநாயகம் அப்பா, எத்தனையோ பார்த்தாயிற்று, ஒன்றும் ஆகாது" என்கிறது. என்னைக் கேட்டால் இரண்டுமே தப்பு.

முதலில் அந்த 250 வருடக் கணக்கைப் பார்ப்போம். 1776ல் சுதந்திரப் பிரகடனம் எழுதினார்கள், சரி. நாடு பழையதுதான். ஆனால் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்பதுதான் ஜனநாயகம் என்றால், அமெரிக்காவில் அது நிஜமாக வந்தது 1965ல். நம் தாத்தா பாட்டிகளைவிட அதற்கு வயது குறைவு!

அதற்கு முன்பே ஒரு முறை வந்தது. வந்ததைக் கொன்றார்கள். அந்தக் கதைதான் முக்கியம்.

உள்நாட்டுப் போர் முடிந்து, 1870ல் அரசியல் சட்டத்தின் 15வது திருத்தம் வந்தது. இனத்தைக் காரணம் காட்டி யாருக்கும் ஓட்டை மறுக்கக்கூடாது என்றது. அதே வருடம் மிசிசிப்பியிலிருந்து ஹிரம் ரெவல்ஸ் என்ற கறுப்பினத்தவர் செனட்டுக்கே போனார். ஆறே வருடத்தில் அடுத்த திருப்பம். 1876 ஜனாதிபதி தேர்தலில் டில்டனுக்கு நாடு முழுக்க அதிக ஓட்டு. ஆனால் ப்ளோரிடா, லூசியானா, தென் கரோலினா மூன்றிலும் இரு தரப்பும் "நாங்கள்தான் ஜெயித்தோம்" என்று தனித்தனிச் சான்றிதழ் அனுப்பின. 15 பேர் கொண்ட கமிஷன் 8க்கு 7 என்ற கணக்கில் ஹேய்ஸ் பக்கம் சாய்ந்தது. முடிவு 185க்கு 184. 1877ல் ஹேய்ஸ் பதவியேற்றார். தெற்கே மிச்சமிருந்த மத்தியப் படைக் காவலும் விலகியது.

பிறகு நடந்ததுதான் அசல் வித்தை. 1890ல் மிசிசிப்பி புது அரசியல் சட்டம் எழுதியது. அதில் "கறுப்பினத்தவருக்கு ஓட்டு இல்லை" என்று எங்கேயும் இல்லை. ஓட்டுப் போட இரண்டு டாலர் வரி கட்டு என்றது. அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியைப் படித்துக் காட்டு, அல்லது விளக்கம் சொல் என்றது. பாஸா பெயிலா என்று சொல்வது யார்? வெள்ளைக்கார அதிகாரி! மற்ற தென் மாநிலங்களும் இதே வழியில் போயின. லூசியானாவில் 1896ல் பதிவு செய்த கறுப்பின வாக்காளர்கள் 1,30,000க்கு மேல். 1904ல் எத்தனை தெரியுமா? 1,342. ஒரு துப்பாக்கிச் சத்தம்கூடத் தேவைப்படாத கொலை இது. எல்லாம் சட்டப்படி!

சட்டம் போதாத இடத்தில் துப்பாக்கியும் வந்தது. 1898 நவம்பர் 10 அன்று வட கரோலினாவின் வில்மிங்டனில், கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து நடத்திய, தேர்தலில் வென்று வந்த நகர ஆட்சியை ஆயுதக் கும்பல் கவிழ்த்தது. கறுப்பினத்தவரின் பத்திரிகை அலுவலகத்தைக் கொளுத்தினார்கள், பலரைக் கொன்றார்கள். கும்பலின் தலைவர் வாடெல் அன்றே மேயரானார். ஒருவருக்கும் தண்டனை இல்லை.

2021 ஜனவரி 6க்கு முன்மாதிரியே கிடையாது என்று சொல்பவர்கள் இதை ஒரு தடவை படிக்க வேண்டும்.

1965ல் செல்மா பாலத்தில் அடிவாங்கிய மக்களால் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அதன் உயிர்நாடி ஒரே விதி: பழைய குற்றவாளி மாநிலங்கள் தேர்தல் விதியில் கை வைக்க வேண்டுமானால் முதலில் வாஷிங்டனில் அனுமதி வாங்க வேண்டும். பலன்? மிசிசிப்பியில் கறுப்பினத்தவரில் 100க்கு 7 பேர்கூடப் பதிவு செய்திராத நிலை மாறி, 1967ல் 100க்கு 60 பேர் அளவுக்கு வந்தது. 2013ல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில், எந்தெந்த மாநிலம் அனுமதி வாங்க வேண்டும் என்ற பட்டியலின் அளவுகோல் பழையது என்று சொல்லி அதை ரத்து செய்தது. பட்டியல் போனதால் விதியும் செயலிழந்தது. நனையவில்லையே என்று மழையில் குடையைத் தூக்கி எறிவதா என்று நீதிபதி கின்ஸ்பர்க் கேட்டார். யார் காதில் விழுந்தது?

அதே நாளில், அதுவரை தடுக்கப்பட்டிருந்த தன் அடையாள அட்டைச் சட்டத்தை அமல்படுத்துவதாக டெக்சாஸ் அறிவித்தது. "அடையாள அட்டை கேட்பதில் என்ன தப்பு?" என்பீர்கள். கேட்பதில் தப்பில்லை. எதை ஏற்கிறார்கள் என்று பாருங்கள். அந்தச் சட்டப்படி துப்பாக்கி லைசென்ஸ் செல்லும், அரசுப் பல்கலைக்கழக மாணவர் அட்டை செல்லாது! மாணவர்களே, இப்போது புரிகிறதா? 1890ன் பரீட்சைதான், வினாத்தாள் மட்டும் புதுசு.

ஆக, டிரம்ப் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. திறந்திருந்த கதவைத் தள்ளினார். 2021 ஜனவரி 2 அன்று ஜார்ஜியாவின் தேர்தல் பொறுப்பாளர் ராஃபென்ஸ்பெர்கருக்குப் போன் போட்டு 11,780 ஓட்டு கண்டுபிடிக்கச் சொன்னார். பைடன் அங்கே வென்றது 11,779 ஓட்டில். ராஃபென்ஸ்பெர்கர் டிரம்பின் கட்சிக்காரர்தான், ஆனாலும் மறுத்தார். 2025 ஜனவரி 20 அன்று, மறுபடி ஜனாதிபதியான டிரம்ப், ஜனவரி 6 வழக்குகளில் சிக்கிய சுமார் 1,500 பேருக்கு மன்னிப்பு கொடுத்தார். வில்மிங்டனில் தண்டனை கொடுக்கவில்லை, இங்கே கொடுத்த தண்டனையை ரத்து செய்தார்கள். அடுத்த கும்பலுக்கு இதைவிட நல்ல அழைப்பிதழ் வேண்டுமா?

சரி, காப்பாற்றுவது எப்படி? நல்ல தலைவர் வருவார் என்று காத்திருப்பது வேலைக்காகாது. விதியை மாற்ற வேண்டும். 2022ல் ஒரு நல்ல காரியம் நடந்தது. துணை ஜனாதிபதிக்கு ஓட்டுக் கணக்கை மாற்றும் அதிகாரம் கிடையாது என்று சட்டத்தில் தெளிவாக எழுதினார்கள். முன்பு ஒரு மாநிலத்தின் கணக்கை ஆட்சேபிக்க அவைக்கு ஒருவர் போதும், இப்போது ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர் வேண்டும். 2018ல் மிச்சிகன் மக்கள் ஓட்டுப் போட்டு, தொகுதி வரையும் வேலையை அரசியல்வாதிகளிடமிருந்து பிடுங்கிக் குடிமக்கள் கமிஷனிடம் கொடுத்தார்கள். இரண்டும் நடந்த காரியங்கள், கனவு இல்லை. பாக்கி இருப்பது 1965ன் அந்த முன் அனுமதி விதியை மீட்பது. அதற்கான மசோதா 2021ல் கீழவையில் நிறைவேறி, செனட்டில் முடங்கிப் போனது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஓட்டை எண்ணும் ஊர் அதிகாரியைப் பாதுகாக்க வேண்டும். மிரட்டினால் ஓடிப்போகிற நிலையில் அவரை விட்டால், அந்த நாற்காலியில் அடுத்து உட்காருகிறவர் போனுக்கு "சரி ஐயா" என்று சொல்கிறவராகத்தான் இருப்பார்.

ஒரு தடவை பறித்ததைத் திரும்பப் பெற 1877லிருந்து 1965 வரை, 88 வருடம் ஆனது. "ஒன்றும் ஆகாது" என்கிற நண்பர்கள் அந்த 88ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும்.