கதை வசனத்துக்கு ஊழியம் செய்யட்டும்

பிரசங்கத்தில் அன்றாடக் கதைகள் கலந்தால் வேத வசனத்தின் கனம் குறைந்துவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சத்தில் நியாயமும் இருக்கிறது. சபையார் கதையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வசனத்தை மறந்துவிடுவது நடக்கிறது. ஆனால் விதைப்பு, புளித்த மா, காணாமற்போன வெள்ளிக்காசு என்று கேட்போரின் வயலிலிருந்தும் அடுப்படியிலிருந்தும்தான் இயேசுவே பேசினார். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, 2 சாமுவேல் 12-ஆம் அதிகாரத்தில், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைச் செல்வந்தன் பறித்த கதையை நாத்தான் தீர்க்கதரிசி சொல்கிறார். கொதித்தெழுந்து தீர்ப்புச் சொன்ன தாவீது அரசனுக்கு, அந்தச் செல்வந்தன் தாவீதுதான் என்று காட்டுகிறார். எடுத்த எடுப்பிலேயே கண்டித்திருந்தால் அரசன் சாக்குச் சொல்லியிருக்கக்கூடும். அந்தக் கதை, பிறன் மனைவியைப் பறித்த தாவீதின் குற்றத்தை விட்டு இம்மியும் விலகவில்லை. வசனத்தோடு ஒட்டாத கதையைக் கண்ணீருக்காகவும் கைதட்டலுக்காகவும் செருகுவதே பிழை. போதகர்கள் முதலில் வேதப்பகுதியில் ஊறட்டும். பிறகு தங்கள் சபையார் பிழைக்கும் தொழிலிலிருந்து கதையை எடுக்கட்டும்.