உடையுற பானை... உடையாத சுருதி!



சனிக்கிழமை காலையில கொடைரோடு ஸ்டேஷன்ல நின்னு வேடிக்கை பார்த்திருக்கீங்களா? ரயில் நின்னதும் ஸ்வெட்டரும் பையுமா ஒரு காலேஜ் கூட்டம் இறங்கி, கொடைக்கானல் போற வண்டியைத் தேடி ஓடும். கூட்டத்துக்கு ஒரு கிடாராவது கண்டிப்பா இருக்கும்.

போன தடவை அப்படி ஒரு கிடார் பையன்கிட்ட பேச்சுக் கொடுத்தேன். செல்போனை நீட்டி ஒரு படம் காட்டினான்.

"இத்தாலி கிடார் சார். 200 வருஷம் பழசு. ஒரே குடும்பத்துப் பட்டறையில செஞ்சது. வாழ்க்கையில ஒரு தடவை தொட்டுப் பார்த்துட்டா போதும்!"

ஆசை தப்பில்லை. நேப்பிள்ஸ் நகரத்து ஃபாப்ரிகாத்தோரே குடும்பம் 1800-களின் தொடக்கத்தில் செய்த கிடார்கள் இன்னிக்கும் மியூசியங்களில் பத்திரமா இருக்கு.

"தம்பி, அப்படி ஒரு குடும்பப் பட்டறை நம்ம பக்கத்துலயே இருக்கு. இங்கேர்ந்து மதுரை போய், ராமேஸ்வரம் ரயிலைப் பிடிச்சா ஒரு மணி நேரம்தான், தெரியுமா?" என்றேன். முழிச்சான். நீங்களும் முழிக்கிறீங்கதானே?

ஊர், மானாமதுரை. அங்கே செய்யறது, கடம்!

'அட, பானைதானே'ன்னு சிரிக்காதீங்க. கண்மாய் மண்ணை எடுத்து, மணல் கலந்து, காலால மிதிச்சுப் பதமாக்கி, சக்கரத்துல வனையறாங்க. அதுக்கப்புறம்தான் கதையே ஆரம்பம். உள்ளே ஒரு கல்லைப் பிடிச்சுக்கிட்டு, வெளியே மரப்பலகையால தட்டணும். ஒரு கடத்துக்கு ஆயிரக்கணக்கான தட்டு! சுவர் முழுக்க ஒரே சீரா வரணும். ஒரு இடத்துல தடிச்சு இன்னொரு இடத்துல மெலிஞ்சா நாதம் போச்சு. பிறகு காயவெச்சு, சூளையில சுட்டு எடுத்தாதான் அது என்ன சுருதியில பேசுதுன்னே தெரியும்.

கிடார்ல சுருதி இறங்கினா டியூனிங் கீயைத் திருகிடலாம். கடத்துக்கு ஏது கீ? அதனாலதான் வித்வான்கள் பாடகரோட சுருதிக்குப் பொருந்துற கடமாப் பார்த்துக் கச்சேரிக்குக் கொண்டு போறாங்க.

ஃபிசிக்ஸ் மாணவர்களுக்கு ஒரு செய்தி. கடத்தின் வாயில கை வெச்சா வர்ற 'கும்'முக்கும், கிடாரின் வட்டத் துளையிலேர்ந்து வர்ற அடிநாதத்துக்கும் காரணம் ஒண்ணுதான். உள்ளே அடைபட்ட காத்து அதிர்றது... ஹெல்ம்ஹோல்ட்ஸ் ரெசனன்ஸ்!

ரெண்டும் ஒரே மேடை ஏறினதும் உண்டு. 1970-களில் ஜான் மெக்லாஃப்லினின் கிடாரும் நம்ம விக்கு விநாயக்ராமின் கடமும் 'சக்தி' குழுவில் சேர்ந்து உலகம் சுத்தின. அதே சக்தி 2024-ல் கிராமி விருது வாங்கினப்போ, குழுவில் இருந்தவர் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ். வாசிக்கிற கலை அப்பாகிட்டேர்ந்து மகனுக்கு வந்தாச்சு. செய்யற கலை?

மானாமதுரையில் பரம்பரையா கடம் செய்யும் குடும்பத்து மீனாட்சி கேசவனுக்கு 2013-ம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாடமி விருது கிடைச்சது. வாசிச்சதுக்கு இல்லை, செஞ்சதுக்கு! 2023-ல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் வந்துச்சு. சந்தோஷம். ஆனா, விருது வந்து மண்ணை மிதிக்காது. சான்றிதழ் பலகையைப் பிடிச்சுத் தட்டாது.

இங்கேதான் கிடாருக்கும் கடத்துக்கும் பெரிய வித்தியாசம். நேப்பிள்ஸ் பட்டறைக்காரங்க போய்ச் சேர்ந்தும் அவங்க கிடார் மிஞ்சியிருக்கு. கடம் மண்ணு. கை தவறினா சில்லு! இதில் பழசுன்னு ஒண்ணு இருந்தா, அது பானையில இல்லை, தட்டுற கையில. எங்கே ஓங்கித் தட்டணும், எங்கே தடவி விடணும்கிறதை வீட்டுப் பெரியவங்க தட்டுற சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் பிள்ளைங்க கத்துக்கணும். ஒரு தலைமுறை விட்டுப்போனா, திரும்பப் பிடிக்கிறது ரொம்பக் கஷ்டம்.

அதுக்காக, 'அந்த வீட்டுப் பிள்ளைங்க வேற வேலைக்குப் போகாதீங்க'ன்னு சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கு? நாம ஏ.சி. ரூமைத் தேடுவோம், அவங்க மட்டும் மண்ணுல நிக்கணுமா? தொழில் கட்டுப்படியாகணும். அதுக்கு மரியாதையும் வேணும், காசும் வேணும்.

உங்க காலேஜ் கல்ச்சுரல்ஸ் மேடையில இந்த வருஷம் கடம் வாசிக்கிறவரோட, கடம் செய்யறவரையும் கூப்பிடுங்களேன். சக்கரத்தோட வரச் சொல்லுங்க. சால்வை மட்டும் போட்டு அனுப்பிடாம, வேலை கெட்ட நாளுக்கான கூலியையும் வண்டிச் செலவையும் கையில கொடுங்க. நீங்களும் ஒரு தட்டு தட்டிப் பாருங்க. எவ்வளவு கஷ்டம்னு கைக்குப் புரியும்!

வண்டி வந்துடுச்சு. ஏறப் போன பையன் திரும்பிக் கேட்டான்: "ஒரு கடம் என்ன விலை இருக்கும் சார்?"

"நேர்ல போய்க் கேளு. பேரம் மட்டும் பேசாதே!"

அடுத்த வாரம் பார்ப்போமா?