தேடலும் காட்சியும்

2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, எண்ணூர்ப் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தது. மூச்சுத்திணறிய மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். கசிந்தது எது? காற்று எத்திசையில் வீசுகிறது? எங்குச் செல்வது? அவ்வேளையில் இம்மூன்றுக்கும் விடை தேவை.

தகவல் இருப்பது வேறு. உரிய நேரத்தில் கிடைப்பது வேறு. சீர்காழி இரா. அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியல் விதிகள் ஐந்தனுள் நான்காவது, படிப்பவரின் காலத்தைச் சேமிக்க வலியுறுத்துகிறது. அவ்விதி நூலகச் சுவர்களுக்குள் அடங்குவதன்று.

2015இல் அறிமுகமான தேசியக் காற்றுத்தரக் குறியீடு, அம்மோனியா உள்ளிட்ட எட்டு மாசுகளின் நிலையை ஓர் எண், ஒரு நிறம், ஒரு சொல் எனச் சுருக்கிக் காட்டுகிறது. காட்சியமைப்புக்கு இது நல்ல சான்று. எனினும், அம்மோனியாவுக்கு அது கொள்வது 24 மணி நேரச் சராசரியே. திடீர்க் கசிவின் கடுமை அதில் கரைந்துவிடும். மணலி நிலையத்தின் அளவும் எண்ணூர்த் தெருவின் காற்றும் ஒன்றல்ல. எந்த இடம், எந்த நேரம், எவ்வகை அளவு என்று வினவித் தேடும் திறனை மாணவர் பள்ளியிலேயே பெறவேண்டும்.

கைப்பேசியில் எல்லாம் கிடைக்குமே என்பர் சிலர். இருமலோடு விழித்தெழும் முதியவர் இணையத்தில் தேட இயலுமா? தொழிற்சாலைகள் சூழ்ந்த எண்ணூர், திருவொற்றியூர்த் தெருமுனைகளில் அபாய ஒலியும், செல்லவேண்டிய திசையைப் பெரிய தமிழ் எழுத்தில் காட்டும் ஒளிப்பலகையும் வேண்டும். தேடக் கற்பிப்பது கல்வியின் கடமை. தேடாமலே தெரியச் செய்வது ஆட்சியின் கடமை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.