தண்டால் இருக்கப் பொடி எதற்கு?

உடலை வளர்த்தல் என்றாலே முகஞ்சுளிக்கும் தமிழாசிரியர் இன்றும் உளர். படிப்பில் நாட்டமில்லாதவன் பொழுதுபோக்கு அஃது என்பது அவர்தம் எண்ணம். உடம்பைப் பேணுவதன் பெருமையைத் திருமூலர் பெயரால் மேடையில் முழங்குவோரே, மறுநாள் உடற்கல்விப் பாடவேளையைக் கணக்குப் பாடத்திற்குத் தாரைவார்த்து விடுகின்றனர். தேர்வு நெருங்குகிறது என்பது முன்னாளில் சொல்லப்பட்ட சாக்கு. ஆறாம் ஆண்டு மாணவர் எழுதிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. சாக்குப் போயிற்று, பழக்கம் எல்லா இடத்திலும் போய்விடவில்லை.

இதன் விலையைச் செலுத்துபவன் யார்? பதினெட்டு வயதில் உடற்பயிற்சிக் கூடத்தின் வாசலை முதன்முதலாக மிதிக்கும் இளைஞன்தான். பள்ளி கற்பிக்கத் தவறியதை அவனுக்கு அங்கே கற்பிப்பவை இரண்டு: ஒன்று சுவரில் உள்ள நிலைக்கண்ணாடி, மற்றொன்று அலமாரியில் உள்ள புரதப் பொடி டின். கண்ணாடி முன்பக்கத்தை மட்டுமே காட்டும். ஆகவே அவன் மார்பை மட்டுமே விரும்புகிறான். பக்கத்தில் படுத்திருப்பவன் நாற்பது கிலோவைத் தள்ளுகிறான் என்றால், தானும் நாற்பதைத் தள்ளாவிடில் மானம் போய்விடும் என்று கருதுகிறான்.

அவன் வளர்க்க விரும்பும் தசை எத்தகையது? மார்புப் பெருந்தசை விசிறி போன்றது. காறை எலும்பிலும் மார்பெலும்பிலும் விரிந்து தொடங்கி, மேற்கை எலும்பில் குவிந்து முடிகிறது. கையை உடலின் குறுக்கே கொணர்வதும், எதிரே உள்ளதைத் தள்ளுவதும் அதன் தொழில். பழகிய சுமைக்குச் சற்று மேற்பட்ட சுமையை மீண்டும் மீண்டும் தள்ளி, பின்னர் உண்டு உறங்கினால், அதன் இழைகள் மெல்லத் தடிக்கும். முதற்சில வாரங்களில் வலிமை விரைந்து கூடுவது உண்மையே. ஆயினும் அது பெரும்பாலும் நரம்புகள் தசையை ஏவக் கற்றுக்கொள்வதன் பயன். கண்ணுக்குத் தெரியும் வளர்ச்சிக்கு மாதங்கள் வேண்டும். இதனை அறியாதவன் மூன்றாம் வாரத்தில் கண்ணாடியைப் பார்த்து ஏமாந்து, நான்காம் வாரத்தில் டின்னை வாங்குகிறான்.

தண்டால் எடுப்பவன் தன் உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கைகளால் தள்ளுகிறான். அறுபது கிலோ எடையுள்ள இளைஞனுக்கு அது நாற்பது கிலோ. பத்துத் தண்டாலை முதுகு வளையாமல், மார்பு தரைக்கு அருகே வரும்வரை எடுக்க இயலாதவன், மல்லாந்து படுத்துக்கொண்டு நாற்பது கிலோ இரும்பைத் தள்ள முற்படுவது அறியாமையன்றோ? தள்ளமுடியாத இரும்பைப் பாதிவரை இறக்கி ஏற்றுகிறான். இடுப்பை வில்லாய் வளைக்கிறான். தோள்மூட்டு நோகிறது. துணைக்கு ஆளின்றித் தள்ளும்போது கை தளர்ந்தால், இரும்பு இறங்குமிடம் கழுத்தாகவும் இருக்கலாம். பெருவிரலைத் தண்டின்மேல் சுற்றிப் பிடிக்க வேண்டும் என்பதைக்கூட அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

முறையான வழி வியப்பூட்டுவதன்று; அதனாலேயே விலை போவதில்லை. தண்டால் கைவந்தபின் 20 கிலோ எடையுள்ள வெறுந்தண்டுடன் தொடங்கலாம். வாரத்தில் இரண்டு நாள் போதும். எட்டு முதல் பன்னிரண்டு முறையென மூன்று சுற்றுகள். மூன்று சுற்றிலும் பன்னிரண்டை ஒழுங்காக முடித்த பின்னரே இரண்டரைக் கிலோ கூட்டுதல். தள்ளுமளவிற்கு இழுத்தலும் வேண்டும். முதுகை மறந்து மார்பை மட்டும் வளர்ப்பவனின் தோள்கள் முன்னோக்கிக் கூனத் தலைப்படலாம். தோட்டத்தில் காண்டா வாளி சுமந்த பாட்டன்மார்க்கு முதுகைப் பற்றி எவரும் பாடம் எடுக்க வேண்டியிருந்ததில்லை. அந்த உழைப்பில் வலிமை இருந்தது; ஓய்வும் ஊட்டமும் இல்லை என்பதையும் மறைக்கலாகாது.

இனிப் பொடிக்கு வருவோம். அது நஞ்சன்று, பாலிலிருந்து பிரித்த உணவுதான். பழி அதன் விலையிலும் விளம்பரத்திலும் இருக்கிறது. எடைப்பயிற்சி செய்வோர்க்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் புரதம் போதும் என்பது ஆய்வாளர் பலரும் ஏற்கும் அளவு. அறுபது கிலோ இளைஞனுக்கு 96 கிராம். முட்டை ஒன்றில் 6 கிராம். வெந்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் ஏறத்தாழ 30. தெம்பே 100 கிராமில் ஏறத்தாழ 20. ஒரு கரண்டிப் பொடியில் இருப்பதும் இருபது, இருபத்தைந்து கிராம்தான். அம்மா பொரித்த தெம்பேயை ஒதுக்கிவிட்டு, அவர் சம்பளத்தில் டின் வாங்குவது எவ்வகை அறிவு?

இவ்வணிகம் புதிதுமன்று. பலசாலிகளைத் தமிழர் 'சாண்டோ' என்றழைத்தது யூஜென் சாண்டோவின் பெயரால். படத்தயாரிப்பாளர் சின்னப்பா தேவரும் அப்பட்டத்தைத் தம் பெயர்முன் தாங்கினார். 1867இல் பிறந்த அந்த ஜெர்மானியர், 1901இல் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் உடலழகுப் போட்டி நடத்தியவர். பின்னாளில் தம் பெயரிலேயே கொக்கோப் பொடியும் விற்றார்! உடல் முன்னே வந்தது. கொக்கோ பின்னே வந்தது. வாங்கியவர்களோ கொக்கோவால் உடல் வந்ததென்று நம்பினர்.

பொடியோடு நின்றாலும் பொறுக்கலாம். பொறுமையிழந்தவனிடம் அடுத்து நீட்டப்படுவது ஊக்கமருந்து ஊசி. ஆண்மைச் சுரப்பைப் போலிசெய்யும் அம்மருந்து உடலின் சொந்தச் சுரப்பை அடக்கிவிடும், விரைகள் சுருங்கும், இதயமும் ஈரலும் கெடக்கூடும். ஆண்மார்பை வேண்டி ஊசி போட்டவனுக்குப் பெண்மார்பு போல் திசு வளர்வதும் உண்டு. பதினெட்டு வயதினனுக்கு இதனை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியவர் ஊசி விற்பவரா, ஆசிரியரா?

உடற்கல்விப் பாடவேளையைத் திருப்பித் தருவதற்குக் கருவிகள் இல்லை, நிதி இல்லை என்று கூறுவோர் உண்டு. தரையில் தண்டால் எடுக்க இயலாத சிறுவன் முதலில் சுவரில் கையூன்றித் தள்ளலாம். அடுத்து உயரமான பலகையில். வலிமை கூடக் கூடத் தரைக்கு இறங்கலாம். நான்காம் ஆண்டில் சுவரில் தொடங்குபவன் ஆறாம் ஆண்டுக்குள் தரைக்கு வந்துவிட நேரம் நிறைய உண்டு. அதற்கு வேண்டிய சுவர் எல்லாப் பள்ளிகளிலும் இருக்கிறது. நீண்ட பலகையோ, சிற்றுண்டிச்சாலையில் கிடக்கிறது.